லட்சத்தைத் தொடாமல் ஒரு ஹோம் தியேட்டர்: யமஹா ரிசீவரும் போல்க் ஸ்பீக்கர்களும்

16 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட, டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் உள்ள ஒரு சாதாரண ஹாலில், ஒரு லட்சம் ரூபாயைத் தொடாமல், வசனம் ஒரு சொல் விடாமல் காதில் விழும்படியான 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபரும்) அமைப்பைத் தனித்தனிப் பாகங்களாக வாங்கிச் சேர்க்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். ஒலியைப் பிரித்து எல்லா ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் ஆம்ப்ளிஃபையராக யமஹா ஆர்எக்ஸ்-வி385 ரிசீவர், முன்பக்கத்துக்கு போல்க் டி15 ஒரு ஜோடி, நடுவுக்கு டி30, தாழ்ந்த ஒலிக்கு பிஎஸ்டபிள்யூ10 சப்வூஃபர், பின்பக்கத்துக்கு இன்னொரு ஜோடி டி15 என்று சேர்த்துக் கேட்டதை வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பாகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மவர்கள் பெரும்பாலும் வாட்ஸ் எண்ணைப் பார்த்தே பணத்தைப் பங்கிடுகிறார்கள். என் கணிப்பில் பணமும் கவனமும் முதலில் போக வேண்டியவை சென்டர் ஸ்பீக்கருக்கும், சப்வூஃபர் அறையில் நிற்கும் இடத்துக்கும்தான்.

தனித்தனியாக வாங்குவதுதான் எப்போதும் சரி என்று வாதிட வரவில்லை. சோனி எச்டி-எஸ்20ஆர் போன்ற ஒரே பெட்டியில் வரும் அமைப்புகள், தனித்தனிப் பாகங்களாகச் சேர்க்கும் அமைப்பின் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. முன்னால் ஒரு பார், பின்னால் ஒயரில் இணையும் இரண்டு சிறு ஸ்பீக்கர்கள், எல்லாவற்றுக்குமான ஆம்ப்ளிஃபையரைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் ஒரு சப்வூஃபர் என உண்மையான 5.1 அமைப்பாகவே அது இருக்கிறது. 10 அடிக்கு 10 அடி படுக்கையறைக்கு அதற்கு மேல் செலவிடுவது வீண் என்றே சொல்வேன். ஆனால் அந்தப் பெட்டியின் ஆம்ப்ளிஃபையர் பழுதானால் முழு அமைப்பும் மௌனமாகிவிடும். இரண்டு ஆண்டு கழித்து ஸ்பீக்கரை மட்டும் மேம்படுத்தவும் வழியில்லை. தனித்தனிப் பாகங்களாக வாங்கினால் ரிசீவர் காலாவதியானாலும் ஸ்பீக்கர்கள் பதினைந்து ஆண்டுகள் நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் பணத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அதைப் பேசாமல் கடந்தால் இந்த மதிப்புரை நேர்மையாக இராது. சென்னை ரிச்சி தெருவிலும், மற்ற ஊர்களின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களிலும் அசெம்பிள் ஆம்ப்ளிஃபையர் என்பது இன்றும் உயிரோடு இருக்கும் ஒரு தொழில். 4440 ஐசி போர்டில் தொடங்கி, 5200–1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டு வரை, டிரான்ஸ்ஃபார்மரும் கேபினெட்டும் சேர்த்து, கேட்ட மாதிரி செய்து தரும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பாட்டு கேட்க அவர்கள் செய்து தரும் ஸ்டீரியோவை நான் குறைத்துப் பேச மாட்டேன். 5.1 என்று வரும்போதுதான் விழிப்பு வேண்டும். புரோலாஜிக் போர்டு என்று விற்கப்படுவது இரண்டு சேனல் ஒலியையே பிரித்து ஐந்து ஸ்பீக்கருக்கும் அனுப்புகிறது; படத்தில் தனியாகப் பதிவான பின்பக்க ஒலியை அதனால் எடுத்துத் தர முடியாது. ஆப்டிகல் அல்லது எச்டிஎம்ஐ வழியாக வரும் டால்பி டிஜிட்டல் என்னும் 5.1 ஒலி வடிவத்தைப் பிரித்தெடுக்கும் டிகோடர் போர்டுகள் வேறு. அவையும் கிடைக்கின்றன, ஆனால் விலை கூடும். அதோடு ஸ்பீக்கர்களின் தூரத்தைக் கணக்கிட்டு ஒலியைச் சில மில்லி விநாடிகள் தாமதப்படுத்துவது, தாழ்ந்த ஒலியை மட்டும் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்புவது போன்ற வேலைகளை எல்லா போர்டுகளும் முறையாகச் செய்வதில்லை. இவற்றையெல்லாம் கேட்டு வாங்கப் பொறுமை உள்ளவருக்கு அது நல்ல வழிதான். மற்றவர் ரிசீவர் பக்கம் வருவதே நல்லது.

ரிசீவர் என்று பார்த்தால் இந்த விலையில் இரண்டு பெயர்களே முதலில் கண்ணில் படும். ஒன்று 2018இல் வந்த யமஹா ஆர்எக்ஸ்-வி385. மற்றொன்று டெனான் ஏவிஆர்-எக்ஸ்250பிடி. இரண்டும் 5.1 சேனல்கள், இரண்டும் 4கே, எச்டிஆர், டால்பி விஷன் படங்களைத் தடையின்றி டிவிக்குக் கடத்தும், இரண்டிலும் புளூடூத் உண்டு, வைஃபை இல்லை. எச்டிஎம்ஐ உள்ளீடு யமஹாவில் நான்கு, டெனானில் ஐந்து. இரண்டு சேனல்களை மட்டும் ஓட்டி அளந்த திறன் இரண்டிலுமே 70 வாட்ஸ்தான். யமஹா அதை 6 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) அளவிலும் டெனான் 8 ஓமிலும் அளந்து சொல்வதால் காகிதத்தில் டெனான் சற்று முன்னே நிற்கிறது. ஆனாலும் நான் யமஹாவைத் தேர்ந்ததற்குக் காரணம் பெட்டியோடு வரும் சிறிய மைக்குதான். ஒய்பிஏஓ என்னும் அந்த வசதியில், மைக்கை நாம் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்துவிட்டால், ரிசீவரே ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சோதனை ஒலி எழுப்பி, தூரத்தையும் ஒலியளவையும் கணக்கிட்டுக்கொள்கிறது. டெனானின் இந்த மாடலில் அந்த மைக் இல்லை. டேப் வைத்து அளந்து, எண்களை நாமே உள்ளிட வேண்டும். செய்ய முடியாத வேலை அல்ல, ஆனால் வீட்டில் பத்துப் பேருக்கு ஒருவர்தான் செய்வார். மைக் அளந்து முடித்ததும் மெனுவுக்குள் போய், ஸ்பீக்கர்களின் அளவை ‘லார்ஜ்’ என்று குறித்துவைத்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 5.25 அங்குல ஸ்பீக்கரை அப்படி விடக்கூடாது. ‘ஸ்மால்’ என்று மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் அதற்குக் கீழுள்ள சுமை முழுவதும் சப்வூஃபருக்குப் போய்விடும்.

வாட்ஸ் பற்றி இங்கேயே பேசிவிடலாம். கடைகளில் அட்டைப்பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் அச்சாகும் பிஎம்பிஓ எண்களை மறந்துவிடுங்கள். அவற்றுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. தொடர்ந்து தரும் திறனைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்ணிலும், எத்தனை சேனல் ஒரே நேரத்தில் ஓடும்போது, எத்தனை ஓமில், எத்தனை சதவீதச் சிதைவோடு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதைவிட முக்கியம் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி. டி15இன் சென்சிடிவிட்டி 89 டெசிபல். அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 89 டெசிபல் ஒலி. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், அறைச்சுவர்களின் உதவியைக் கணக்கில் சேர்க்காமலேயே, ஏறத்தாழ 80 டெசிபல் வந்து சேரும். 10 வாட்ஸுக்கு அது 90 ஆகும். அடுக்ககத்தில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவதற்கு அதுவே போதும். திறனை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டும்தான் என்பதால், 70 வாட்ஸிலிருந்து 100 வாட்ஸுக்குத் தாவக் கூடுதலாக 15,000 ரூபாய் கொடுப்பவருக்குக் காதில் கேட்கும் வித்தியாசம் அநேகமாக எதுவும் இராது. அந்தப் பணம் சென்டர் ஸ்பீக்கருக்குப் போகட்டும்.

முன்பக்கத்துக்கு டி50 டவர் வாங்குவதா, டி15 புக்ஷெல்ஃப் வாங்குவதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். டவர் நிற்கும் அழகுக்கு மயங்காதவர் குறைவு. டி50இல் ஒலியெழுப்பும் 6.5 அங்குலக் கோன் ஒன்றுதான். அதன் கீழே தெரியும் மற்ற இரண்டும் மின்னிணைப்பு இல்லாத பாசிவ் ரேடியேட்டர்கள். தனியாகப் பாட்டு கேட்பவருக்கு, சப்வூஃபர் வாங்கப் போவதில்லை என்பவருக்கு, அது பொருத்தம். சப்வூஃபரும் வாங்கி 80 ஹெர்ட்ஸில் பிரித்துவிடப் போகிறவர், டவர் பெரிதாகச் சாதிக்கக்கூடிய அந்தத் தாழ்ந்த பகுதியையே அதனிடமிருந்து பறித்துவிடுகிறார். ஆகவே டி15 போதும். அதை ஷோகேஸ் தட்டின் உள்ளே தள்ளி வைக்காமல், உயர் ஒலி தரும் ட்வீட்டர் உட்காருபவரின் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்டில் வைக்க வேண்டும். ஸ்டாண்டைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்வதே மலிவு. இரு பக்கமும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகை அளவில் விலகி நிற்கட்டும்.

டி30 சென்டர்தான் இந்த அமைப்பில் மிகுதியாக உழைக்கும் பாகம். 5.1 கலவையில் வசனத்தின் பெரும்பகுதி சென்டர் சேனலிலேயே வைக்கப்படுகிறது. ஆகவே ‘படத்தில் பேச்சு கேட்கவில்லை, சண்டை வந்தால் காது கிழிகிறது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் குறைக்கு மருந்து இங்கேதான் இருக்கிறது. இரண்டு 5.25 அங்குலக் கோன்களும் நடுவில் ஒரு ட்வீட்டரும் கொண்ட டி30, டி15 வரிசையைச் சேர்ந்தது என்பதால், ஒரு பாத்திரம் திரையின் இடமிருந்து வலம் நடந்துகொண்டே பேசும்போது குரலின் நிறம் மாறுவதில்லை. இரண்டு நிறுவனங்களின் ஸ்பீக்கர்களை முன்வரிசையில் கலந்து வாங்கினால் இந்த ஒற்றுமை போய்விடும். பின்பக்கத்தில் கலந்தால் அவ்வளவு தெரியாது. டிவி ஸ்டாண்டின் விளிம்போடு சென்டரின் முகப்பு ஒட்டி நிற்க வேண்டும். உள்ளே இழுத்து வைத்தால் கீழ்ப்பலகையில் ஒலி பட்டுத் தெறித்துப் பேச்சு மூக்கடைத்ததுபோல் ஆகும். ஸ்டாண்ட் தாழ்வாக இருந்தால், முன்பக்க அடியில் இரண்டு ரப்பர் துண்டுகள் கொடுத்துச் சற்றே அண்ணாந்து பார்க்கச் செய்யுங்கள். ரிசீவரில் சென்டரின் அளவை மட்டும் 2 டெசிபல் ஏற்றிவிட்டால் வீட்டில் சப்டைட்டில் கேட்கும் குரல் குறைந்துவிடும். வில்லன் கிசுகிசுக்கும் காட்சியில் ஒலியை ஏற்றி, அடுத்த நொடி வெடிச் சத்தத்துக்கு ரிமோட்டைத் தேடும் வழக்கமும் நின்றுபோகும்.

பிஎஸ்டபிள்யூ10 சப்வூஃபரில் 10 அங்குலக் கோனும், தொடர்ந்து 50 வாட்ஸ் தரும் சொந்த ஆம்ப்ளிஃபையரும் உண்டு. பூமி அதிரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்கு அதிகம் சொல்வதற்கில்லை. தவிலின் தொப்பிப் பக்கமும், பறையின் அடியும், இடியும் உடலில் படும்படி கேட்கும். இந்த அறைக்கு அது போதும் என்றே நினைக்கிறேன். சப்வூஃபரைக் குறை சொல்பவர்களில் பாதிப்பேர் உண்மையில் தங்கள் அறையைத்தான் குறை சொல்கிறார்கள். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 12 அடி, அதாவது 3.66 மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸில் அலை நகராமல் நின்ற இடத்திலேயே அதிரும். 16 அடிக்கு அது 35 ஹெர்ட்ஸ். மூலையில் சப்வூஃபரை வைத்தால், 47 ஹெர்ட்ஸ் அலை சுவரோரம் அமர்ந்தவருக்கு வீங்கியும் நடுச் சோபாவில் அமர்ந்தவருக்கு மங்கியும் கேட்கும். ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் ‘பாஸ் அதிகம்’ என்றும் தம்பி ‘பாஸே இல்லை’ என்றும் சண்டையிடுவதற்கு இதுதான் காரணம். இருவர் சொல்வதும் உண்மை. 

இதற்குப் பணம் செலவாகாத ஒரு வழி உண்டு. சப்வூஃபரைத் தூக்கி, நாம் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே வைத்து, தாழ்ந்த சுரங்கள் ஏறி இறங்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேட்டு வர வேண்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கின்றனவோ, அங்கே சப்வூஃபரை வைத்தால் உட்காரும் இடத்திலும் அவ்வாறே கேட்கும். பார்ப்பவர் சிரிப்பார்கள், கதவைச் சாத்திக்கொள்ளலாம். இந்த அறையில் மூலையைவிட, டிவி சுவரின் நடுவிலிருந்து சற்றே இடப்பக்கம் தள்ளி வைத்ததுதான் சரியாக அமைந்தது. ரிசீவர் ஏற்கெனவே 80 ஹெர்ட்ஸில் பிரித்து அனுப்புவதால், சப்வூஃபரின் பின்னாலுள்ள கிராஸ்ஓவர் திருகை உச்சத்துக்குத் திருகி வைத்துவிட வேண்டும். இல்லையெனில் ஒரே ஒலி இரண்டு முறை வடிகட்டப்படும். நடுத்தர, உயர் ஒலிகளின் எதிரொலிக்கு வேறு மருந்து வேண்டும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள ஹாலில் கை தட்டினால் ‘ட்ரிங்’ என்று திரும்பி வரும். கனமான திரைச்சீலையும், சோபாவுக்கு முன்னால் விரித்த தடித்த கம்பளமும் அதை ஓரளவு அடக்கும். மெல்லிய ஜமக்காளத்தால் சிறு உதவிதான்.

பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை. இன்னொரு ஜோடி டி15ஐ, சுவரில் மாட்டும் துளை பின்புறமே இருப்பதால், உட்காருபவரின் பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி, காதுக்கு ஓரிரு அடி மேலே மாட்டிவிடலாம். பணம் பற்றாவிட்டால் முதலில் தள்ளிப்போட வேண்டிய பாகமும் இதுதான். ரிசீவர், முன்வரிசை மூன்று, பிறகு சப்வூஃபர், கடைசியில் இவை என்ற வரிசையில் வாங்கினால் எந்தக் கட்டத்திலும் அமைப்பு குறையாகத் தோன்றாது.

கடையில் கவனம் தேவைப்படும் பொருள் ஒயர். ஸ்பீக்கர் ஒயர் என்று மலிவாக விற்பவற்றில் பல, அலுமினியக் கம்பிக்குத் தாமிரப் பூச்சு பூசியவை. நுனியைச் சீவி, கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். முழுத் தாமிரத்தில் 16 கேஜ் ஒயர் இந்த அளவு ஹாலுக்குத் தாராளம். மீட்டர் ஆயிரம் ரூபாய் ஒயரால் ஒலி மேம்படும் என்பவரிடம் புன்னகைத்துவிட்டு வரலாம். ரிசீவரைப் பொறுத்தவரை பில்லில் சீரியல் எண் எழுதியிருக்கிறதா, வாரண்டி இந்தியாவுக்கு உரியதா என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. வேறு நாட்டுக்கான ரிசீவர் 110 வோல்ட்டுக்கு உரியதாகவும் இருக்கக்கூடும். நான் முதலில் போய்க் கேட்ட கடைக்காரர் ஒருவர், பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்றார். அங்கிருந்து எழுந்து வந்து அடுத்த கடையில் வாங்கினேன். ஒலியைக் கேட்டுப் பார்க்க ஒரு மணி நேரம் உட்காரவைத்தவரும் அந்த அடுத்த கடைக்காரர்தான்.

ஒயரிங் முடிந்ததும் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறதா என்று சரிபார்க்க, ஒயரின் ரிசீவர் பக்க நுனியைக் கழற்றி வைத்துக்கொண்டு, சுவர்க்கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் நேர்முனை சிவப்பு ஒயரில் படும்போது வூஃபர் கோன் வெளியே தள்ள வேண்டும். உள்ளே இழுத்தால் எங்கோ இணைப்பு தலைகீழாக இருக்கிறது. இரண்டு முன் ஸ்பீக்கர்களில் ஒன்று மட்டும் இப்படித் திரும்பியிருந்தால் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் பரவி, தாழ்ந்த ஒலியும் மெலிந்துவிடும். ‘உம்ம்’ என்ற இரைச்சல் தொடர்ந்து வந்தால் முதலில் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதன் எர்த் வழியாகத்தான் இரைச்சல் நுழைகிறது. மின்வெட்டின்போது பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் ரிசீவரை ஓட்ட வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும். ரிசீவரின் மேலே ஒரு சாண் இடமாவது திறந்திருக்கட்டும், அதன் தலையில் செட்டாப் பாக்ஸை ஏற்றி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் அதிகம்.

டிவியோடு இணைப்பதிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 பதிப்போடு 2009இல் வந்த ஏஆர்சி என்னும் வசதி வழியாக டிவியின் ஒலி ரிசீவருக்குத் திரும்பி வரும். ஆனால் டிவி எந்த வடிவில் அனுப்பும் என்பது மாடலுக்கு மாடல் மாறுகிறது, சிலவற்றில் வெறும் இரண்டு சேனலே வரும். டிவியின் ஆப்களை நம்பாமல், ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை ரிசீவரின் எச்டிஎம்ஐயில் நேரடியாகச் செருகிவிட்டால் டால்பி டிஜிட்டல் பிளஸ் அப்படியே வந்து சேரும்; டிவி திரையாக மட்டும் நிற்கும். ரிசீவரின் முகப்பில் ‘டால்பி டிஜிட்டல் பிளஸ்’ என்று எழுத்து ஒளிர்கிறதா என்று பார்த்துக்கொண்டால் சந்தேகமே இல்லை.

வி385இல் ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான ஈ-ஏஆர்சி இல்லை, 4கே 120 ஹெர்ட்ஸ் இல்லை, கூரை ஸ்பீக்கர்களுக்கு இடமில்லை. புதிய தலைமுறை கேம் கன்சோல் வைத்திருப்பவரும், பின்னாளில் கூரை ஸ்பீக்கர்களும் சேரும் டால்பி அட்மாஸ் வேண்டும் என்று நினைப்பவரும் இதில் பணம் போட வேண்டாம். முன்னவருக்கு ஈ-ஏஆர்சி உள்ள ஆர்எக்ஸ்-வி4ஏ பொருந்தும். பின்னவருக்கு ஏழு சேனல் ரிசீவர் வேண்டும், அதற்கு இந்த பட்ஜெட் போதாது. கடையில் வி385 பழைய இருப்பாகக் கிடைத்தால் அதற்கேற்பப் பேரம் பேசலாம். வி4ஏ விலைக்கு ஐயாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் சொன்னால் வி4ஏயையே எடுத்துக்கொள்ளுங்கள்.